லிங்கனின் மௌனம்: மனச்சோர்வா, உள்முக இயல்பா?

உயர்தரத்தில் வரலாறு படிக்கும் ஒரு தம்பி புதுக்குடியிருப்பிலிருந்து கேட்டிருக்கிறார்: “ஆபிரகாம் லிங்கன் நாலு பேர் நடுவில் இருக்கும்போதே கதையை நிறுத்திவிட்டு, நெடுநேரம் எங்கேயோ பார்த்துக்கொண்டு இருப்பாராம். சிலர் அது மனச்சோர்வு நோய் என்கிறார்கள். சிலர் அவர் உள்முக இயல்புள்ளவர், அவ்வளவுதான் என்கிறார்கள். எது சரி? என் அப்பாவும் அப்படித்தான் இருக்கிறார், அதனால்தான் கேட்கிறேன்.”

தம்பி, என் முடிவை முதலே சொல்லிவிடுகிறேன். லிங்கனுக்கு மனச்சோர்வு இருந்தது, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. இரண்டு தடவை அது அவரை உயிராபத்து வரை கொண்டுபோனது. உள்முக இயல்பு என்பது அவருக்குப் பாதிதான் பொருந்துகிறது. ஆனால் அவருடைய மௌனத்தில் ஒரு பெரிய பங்கு இந்த இரண்டிலும் சேராது. அது யோசிக்கிற மௌனம், முடிவை எடுத்த பிறகும் வெளியே விடாமல் வைத்திருக்கிற மௌனம். மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் இந்த வாதம் முடியாமல் நீள்கிறது.

நான் வன்னிப் பாடசாலைகளில் வரலாறு படிப்பித்தவன். உளவளத்துணைப் பொறுப்பும் பல காலம் என்னிடம் இருந்தது. எங்கள் பிள்ளைகளுக்கு லிங்கன் அறிமுகமாவது பெரும்பாலும் இரண்டு தாள்களால்தான். ஒன்று, மகனின் ஆசிரியருக்கு அவர் எழுதியதாகச் சொல்லும் கடிதம். அதை அழகாக அச்சடித்துச் சட்டம் போட்டு மாட்டியிருப்பார்கள். லிங்கன் அப்படி ஒரு கடிதம் எழுதியதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. மற்றது, தன்னம்பிக்கைப் பேச்சாளர்கள் வாசிக்கும் தோல்விப் பட்டியல்: வியாபாரத்தில் தோல்வி, தேர்தலில் தோல்வி, நரம்புத் தளர்ச்சி, மறுபடியும் தோல்வி, கடைசியில் ஜனாதிபதி. அந்தப் பட்டியல் வெற்றிகளை மறைத்துவிடுகிறது. 1832இல் மாநில சட்டசபைத் தேர்தலில் தோற்றவர் 1834இல் வென்றார், தொடர்ந்து நான்கு தடவை அங்கே இருந்தார். 1846இல் காங்கிரசுக்கும் தெரிவானார். இந்த இரண்டு தாள்களையும் வைத்துக்கொண்டு அவருடைய மனதைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது.

நல்ல ஆதாரங்கள் வேறு இருக்கின்றன. அவரே எழுதிய கடிதங்கள் இருக்கின்றன. கூட இருந்தவர்களின் நினைவுகளும் இருக்கின்றன. அவருடைய சட்டத் தொழில் கூட்டாளி வில்லியம் ஹேர்ண்டன், 1865இல் லிங்கன் கொல்லப்பட்ட பிறகு, அவரைத் தெரிந்தவர்களிடம் எல்லாம் கேட்டும் எழுதுவித்தும் திரட்டியவை அவை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், எங்களுடைய வன்னி அரசன் பண்டாரவன்னியனைப் பற்றி இப்படி ஒரு கேள்வியைக் கேட்கவே வழி இல்லை. கற்சிலைமடு நடுகல் சொன்னதெல்லாம் 1803 ஒக்டோபர் 31இல் வொன் டிறிபேர்க் என்ற அதிகாரி அவரை அந்த இடத்தில் தோற்கடித்தார் என்பதுதான். தோற்கடித்த பக்கத்தின் பார்வையில் எழுதிய கல் அது. அவர் சிரித்தாரா, தனிமையில் இருந்தாரா, யாருக்கு மனம் விட்டார் என்று பக்கத்தில் இருந்த ஒருவரும் எழுதி வைக்கவில்லை. லிங்கன் விஷயத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

சரி, மனச்சோர்வுக்கு வருவோம். லிங்கனின் தாய் நான்சி 1818இல் இறந்தபோது அவருக்கு ஒன்பது வயது. நச்சுச்செடி தின்ற மாட்டின் பாலைக் குடித்து வரும் நோய் அது. அந்தக் காலத்தில் காரணம் ஒருவருக்கும் பிடிபடவில்லை. 1828இல் அக்கா சாரா பிள்ளைப்பேற்றில் இறந்தார். 1835 ஓகஸ்டில் நியூ சேலம் என்ற சிறு கிராமத்தில் ஆன் ரட்லெட்ஜ் என்ற இளம்பெண் காய்ச்சலில் இறந்தார். அவருக்கும் லிங்கனுக்கும் இருந்த உறவு எவ்வளவு ஆழமானது என்பதில் ஆய்வாளர்கள் நெடுங்காலம் சண்டை பிடித்தார்கள். அதை விடுங்கள். அந்தக் கிராமத்து ஆட்கள் பலர் ஒருவர்க்கொருவர் பொருந்தச் சொன்ன ஒரு விஷயம் இருக்கிறது: அந்த மரணத்துக்குப் பிறகு லிங்கன் உடைந்துபோனார், அவர் தனக்கே ஏதும் செய்துவிடுவாரோ என்று பயந்து ஆட்கள் கண் வைத்திருந்தார்கள், ஊரில் ஒரு தம்பதி தங்கள் வீட்டில் வைத்துப் பார்த்தார்கள்.

இரண்டாவது தடவை 1841 ஜனவரி. இதற்கு அவருடைய கையெழுத்தே சாட்சி. மேரி டொட் என்ற பெண்ணோடு இருந்த திருமண ஏற்பாடு குலைந்தது. அவர் முன்னின்று ஆதரித்த பொது வேலைத்திட்டங்களால் இலினோய் மாநிலம் கடனில் மூழ்கிக்கொண்டிருந்தது. ஒரே அறையைப் பகிர்ந்திருந்த உயிர் நண்பன் ஜோஷுவா ஸ்பீட் கடைப்பங்கை விற்றுவிட்டுக் கென்டக்கிக்குத் திரும்ப ஆயத்தமானார். எல்லாம் ஒரே மாதத்தில். லிங்கன் சட்டசபைக்குச் சில நாட்கள் போகவே இல்லை. அறையில் இருந்த சவரக்கத்தி போன்றவற்றை எடுத்து மறைக்க வேண்டி வந்ததாக ஸ்பீட் பின்னர் சொன்னார். ஜனவரி 23ஆம் தேதி ஜோன் ஸ்ருவார்ட் என்ற தன் அப்போதைய சட்டத் தொழில் கூட்டாளிக்கு லிங்கன் எழுதினார்: இப்போது உயிரோடு இருப்பவர்களில் நான்தான் மிகவும் துயரப்பட்டவன், நான் உணர்வதை மனித குலம் முழுவதற்கும் சமமாகப் பங்கிட்டால் பூமியில் ஒரு மலர்ந்த முகமும் இருக்காது, இப்படியே இருக்க முடியாது, சாக வேண்டும் அல்லது சுகப்பட வேண்டும்.

இப்படி எழுதியவரைப் பார்த்து “சும்மா அமைதியான ஆள்” என்று எவரும் சொல்ல முடியாது. அவர் வைத்தியரையும் நாடினார். அதே காலத்தில் ஸ்ருவார்ட்டுக்கு எழுதியதில், தன் வைத்தியர் ஹென்றியை ஸ்பிறிங்ஃபீல்டிலேயே வைத்திருக்க அவருக்குத் தபால் அதிபர் பதவி எடுத்துக் கொடுக்கச் சொல்லிக் கேட்கிறார், அவர் பக்கத்தில் இல்லாமல் தனக்கு முடியாது என்கிறார். அந்தக் கோடையில் ஸ்பீட் குடும்பத்தின் வீட்டுக்குப் போய்ச் சில வாரம் தங்கினார். 1842 நவம்பர் 4ஆம் தேதி மேரியையே திருமணம் செய்துகொண்டார்.

அதன்பிறகு அவ்வளவு பெரிய வீழ்ச்சி வந்ததற்குத் தெளிவான சாட்சி கிடையாது. ஆனால் துயரம் அவரை விட்டுப் போகவில்லை. நடக்கும்போது அவரிடமிருந்து துயரம் சொட்டியது என்று ஹேர்ண்டன் எழுதினார். அவரோடு நீதிமன்றச் சுற்றில் பயணம் செய்த ஹென்றி விற்னி என்ற இளம் வழக்கறிஞர் ஒரு விடியற்காலையை விவரிக்கிறார். விழித்துப் பார்த்தால் லிங்கன் கட்டிலில் எழுந்திருந்து தனக்குத் தானே ஏதோ சொல்லிக்கொண்டிருக்கிறார். பிறகு அவசரமாக உடுத்தி, அடுப்பில் விறகு போட்டு, அதற்கு முன்னால் இருண்ட முகத்தோடு உட்கார்ந்திருக்கிறார். காலைச் சாப்பாட்டு மணி அடிக்கிறது. தூக்கத்திலிருந்து எழும்பினவர் மாதிரி எழுந்து மற்றவர்களோடு சாப்பிடப் போகிறார்.

அந்த மணி எனக்கு முக்கியமாகப் படுகிறது. 1841இல் அவரால் சட்டசபைக்குப் போகவே முடியவில்லை. நடுவயதில் மணி அடித்தால் எழுந்து போக முடிந்தது. துயரம் போய்விட்டது என்று நான் சொல்லவில்லை. அவரை ஒரேயடியாகப் படுக்க வைக்கும் பலம் அதற்குக் குறைந்திருந்தது.

இனி உள்முக இயல்பு. மனிதர்களை உள்முகம், வெளிமுகம் என்று பார்க்கிற வழக்கம் பரவியது கார்ல் யுங் 1921இல் எழுதியதற்குப் பிறகுதான். லிங்கன் காலத்தில் அப்படி ஒரு சொல்லால் யாரும் அவரை அளக்கவில்லை. இன்றைய உளவியலில் உள்முகம் நோய் கிடையாது. தனிமையில் தெம்பு பெறுவதும் கூட்டத்தில் களைப்பதுமான இயல்பு அது, பிள்ளைப் பருவத்திலேயே தெரியும். மனச்சோர்வு என்பது வந்து ஆளைப் பிடிக்கிற நிலை: இரண்டு வாரமோ அதற்கு மேலோ மனம் இருண்டிருக்கும், பிடித்தது எதிலும் நாட்டம் இராது, நித்திரை, பசி, கவனம் எல்லாம் குழம்பும். ஒருவரின் உயரத்தைக் கொண்டு அவருடைய நிறத்தைச் சொல்ல முடியாத மாதிரி, ஒன்றைக் கொண்டு மற்றதைச் சொல்ல முடியாது. கலகலப்பான ஆளுக்கு மனச்சோர்வு வரும். அதிகம் பேசாத ஆள் வாழ்நாள் முழுக்க நிம்மதியாக இருப்பார். ஆகவே “இதுவா அதுவா” என்ற கேள்வியிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது, இரண்டும் ஒரே ஆளில் இருக்கலாம்.

லிங்கனை உள்முகம் என்று சொல்பவர்கள் ஒரு விஷயத்தை மறந்துவிடுகிறார்கள். அவர் கூட்டத்தைத் தேடிப் போனவர். இளவேனிலிலும் இலையுதிர் காலத்திலும் நீதிபதி டேவிட் டேவிஸ் தலைமையில் வழக்கறிஞர்கள் ஊர் ஊராகப் போவார்கள், இரவில் சத்திரங்களில் தங்குவார்கள். அங்கே கதை சொல்லி ஆட்களை வயிறு நோகச் சிரிக்க வைப்பவர் லிங்கன்தான். மற்றவர்கள் சனிக்கிழமை வீட்டுக்குப் போனாலும் அவர் சுற்றிலேயே தங்கிவிடுவதுண்டு. ஜனாதிபதியான பிறகும் வெள்ளை மாளிகையில் சாதாரண சனத்தைச் சந்திக்க நேரம் ஒதுக்கினார். வேலை கேட்டு வருபவர்கள், மகனுக்கு மன்னிப்புக் கேட்டு வரும் தாய்மார் என்று வரிசை நிற்கும். செயலாளர்கள் குறைக்கச் சொன்னாலும் கேட்கவில்லை. மக்கள் கருத்தில் குளிப்பது என்று அதற்குப் பெயரும் வைத்திருந்தார். கூட்டத்தில் களைக்கிற ஆள் அமெரிக்க உள்நாட்டு யுத்தத்தின் நடுவில் அதை விரும்பிச் செய்வாரா?

ஆனால் அதே டேவிஸ்தான், தான் கண்டவர்களிலேயே மிகவும் மனதை மூடி வைத்த மனிதர் லிங்கன் என்றும் சொன்னார். ஹேர்ண்டனும் அதையே இன்னும் கடுமையாகச் சொன்னார், பதினாறு வருடத்துக்கு மேல் ஒரே அலுவலகத்தில் இருந்தவர் அவர். அப்படியென்றால் என்ன? ஊர்ப் பேச்சில் சொன்னால் அவர் அமசடக்கமான ஆள். எல்லோரோடும் கதைப்பார், தன்னைப் பற்றி மட்டும் கதைக்க மாட்டார். இது உள்முகம் என்பதிலிருந்து வேறு. எங்கள் ஊர்களில் கோயில் திருவிழா என்றால் முன்னுக்கு நின்று எல்லா வேலையும் செய்து, எல்லோரையும் சிரிக்க வைத்து, தன் வீட்டுக் கஷ்டத்தை மட்டும் ஒருவருக்கும் சொல்லாத பெரியவர்கள் உண்டு அல்லவா? லிங்கன் அந்த வகை. டேவிஸ் இன்னொன்றும் கவனித்திருந்தார்: அந்தக் கதைகள் எல்லாம் துயரத்தை விரட்டுவதற்காகத்தான் என்று. சிரிப்பு அவருக்கு மருந்தாக இருந்தது. அதனால் சிரிப்பை வைத்து மனச்சோர்வு இல்லை என்று வாதிடுவதும் பிழை.

இடையில் ஒரு சின்ன எச்சரிக்கை. படங்களைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். அந்தக் காலக் கமராவுக்கு முன்னால் பல வினாடிகள் அசையாமல் இருக்க வேண்டும், சிலருக்குத் தலைக்குப் பின்னால் தாங்கி கூட வைப்பார்கள். அப்படி எடுத்த படத்தில் எல்லோருமே சோகமாகத்தான் இருப்பார்கள். நேரில் பார்த்தவர்கள் லிங்கன் கதை சொல்லத் தொடங்கியதும் அந்த முகமே மாறிவிடும் என்று எழுதியிருக்கிறார்கள். அந்த முகத்தை எந்தப் படமும் பிடிக்கவில்லை.

அப்பாவைப் பற்றிக் கேட்டீர்கள். நான் அவரைப் பார்த்ததில்லை, அதனால் அவருக்கு இன்னது என்று சொல்ல மாட்டேன். சொல்லவும் கூடாது. 2009க்குப் பிறகு வன்னியில் பேசாமல் இருக்கிற ஆண்களை நான் நிறையக் கண்டிருக்கிறேன். அவர்களைப் பற்றி வெளியிலிருந்து வருபவர்கள் எல்லோருக்கும் மனநோய் என்று எழுதிவிடுவார்கள். ஊருக்குள்ளே “அவர் எப்பவும் அப்படித்தான்” என்று விட்டுவிடுவார்கள். இரண்டாலும் பாதிக்கப்படுவது அந்த மனிதர்தான். மௌனத்தை மட்டும் பார்க்காதீர்கள். முந்தி இருந்தவருக்கும் இப்போது இருப்பவருக்கும் என்ன வித்தியாசம் என்று அம்மாவிடம் கேளுங்கள். இரவில் நித்திரை கொள்கிறாரா? சாப்பாடு போகிறதா? வயலுக்கோ தோட்டத்துக்கோ போகிறாரா, போனால் மனம் வைத்துச் செய்கிறாரா? பேரப்பிள்ளையோ நாயோ கிட்ட வந்தால் முகம் இளகுகிறதா? வாழ்ந்து என்ன பயன் என்கிற மாதிரிக் கதை வருகிறதா? முந்தியும் இதே மாதிரி அமைதியான ஆள், இவை எல்லாம் ஒழுங்காக இருக்கின்றன என்றால் அவரை அவர்பாட்டில் இருக்க விடுங்கள். இல்லையென்றால் மாவட்ட வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள், அல்லது 1926 என்ற இலங்கைத் தேசிய மனநலத் தொலைபேசி இலக்கத்துக்கு அழையுங்கள். சாவைப் பற்றிக் கதைத்தால் ஒரு நாளும் பிந்த வேண்டாம். 1835இலும் 1841இலும் லிங்கனைக் காப்பாற்றியது பக்கத்தில் இருந்தவர்கள் வெட்கப்படாமல் தலையிட்டதுதான்.

இனி நான் சொன்ன மூன்றாவது மௌனம். இது பேசப்படுவது குறைவு, எனக்கோ இதுதான் மிகவும் பிடித்த பகுதி. தன் மனம் உருக்குத் துண்டு மாதிரி, அதில் ஒன்றைக் கீறுவது கஷ்டம், கீறினால் அழிப்பது அதைவிடக் கஷ்டம் என்று லிங்கன் ஸ்பீட்டிடம் சொல்லியிருக்கிறார். மெதுவாக யோசிக்கிற ஆள். 1862இல் வாஷிங்டனில் யுத்தத் திணைக்களத்தின் தந்தி அலுவலகத்தில் போய் உட்காருவார். ஒரு தாளில் கொஞ்சம் எழுதுவார், நெடுநேரம் யன்னலால் பார்த்துக்கொண்டிருப்பார், பிறகு ஒரு வரி எழுதுவார். எழுதியதைப் பூட்டி வைக்கச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போவார். பார்த்தவர்களுக்கு அவர் ஏதோ கவலையில் மூழ்கியிருப்பதாகத்தான் தோன்றியிருக்கும். அடிமைகளை விடுவிக்கும் பிரகடனத்தின் முதல் வரைவை அங்கேதான் எழுதினார் என்று அந்த அலுவலகத்தில் இருந்தவர்கள் பின்னர் சொன்னார்கள்.

ஜூலை 22இல் அமைச்சர்களுக்கு அதை வாசித்துக் காட்டினார். யுத்தத்தில் ஒரு வெற்றி வரும் வரை பொறுக்கும்படி வெளியுறவு அமைச்சர் சிவர்ட் சொன்னார், அவரும் ஒத்துக்கொண்டார். அதன்பிறகு இரண்டு மாதம் பிரகடனத்தைப் பற்றி வெளியே வாய் திறக்கவில்லை. அடிமை முறையைப் பற்றி ஏன் பேசாமல் இருக்கிறீர்கள் என்று பத்திரிகைகள் திட்டின. தயாராக இருந்த பிரகடனத்தை மேசைக்குள் வைத்துக்கொண்டு அவர் திட்டு வாங்கினார். அன்டீற்றம் போருக்குப் பிறகு, செப்டெம்பர் 22இல்தான் வெளியிட்டார். இந்த மௌனத்தை நோய் என்பதா, இயல்பு என்பதா? அது வேலை.

கெற்றிஸ்பேர்க் வெற்றிக்குப் பிறகு எதிரிப் படையைத் தப்ப விட்ட தளபதி மீட்டுக்கு 1863 ஜூலை 14இல் மனம் கொதித்து ஒரு கடிதம் எழுதினார். கையெழுத்திடவும் இல்லை, அனுப்பவும் இல்லை. அப்படியே உறையில் போட்டு, அனுப்பாதது என்று மேலே குறித்து வைத்தார். அந்தக் கடிதம் மீட்டின் கைக்குப் போகவே இல்லை.

அப்புறம், இப்போது அடிக்கடி கேள்விப்படுகிற ஒரு கருத்து: மனச்சோர்வுதான் லிங்கனைப் பெரிய தலைவர் ஆக்கியது என்பது. எனக்கு இது ஏற்றுக்கொள்ள முடியாத கருத்து. துயரம் ஆட்களை உயர்த்தும் என்றால் எங்கள் வன்னியில் எல்லோரும் எங்கேயோ போயிருக்க வேண்டும். துயரம் அவரிடமிருந்து எடுத்ததுதான் அதிகம். 1850இல் மகன் எடியையும், 1862 பெப்ரவரியில் வெள்ளை மாளிகையில் பதினொரு வயது வில்லியையும் இழந்தார். அவரைத் தாங்கியது நண்பர்கள், வேலை, கதைகள், இன்னொன்றும் கூட. 1841இன் இருட்டில் ஸ்பீட்டிடம் அவர் சொன்னாராம்: நான் வாழ்ந்தேன் என்று ஒரு மனிதர் நினைவு வைக்கும்படி எதையும் செய்யவில்லை, அதைச் செய்யாமல் சாக மனம் இல்லை. இருபது வருடத்துக்கு மேல் கழித்து, விடுதலைப் பிரகடனத்தின் பிறகு ஸ்பீட்டைச் சந்தித்தபோது அந்தப் பேச்சை அவரே ஞாபகப்படுத்தினார், அந்த ஆசை இந்த ஒரு செயலால் நிறைவேறும் என்று நம்புவதாகச் சொன்னார்.

வகுப்பில் இதைப் பற்றிப் பேசப்போவதாக இருந்தால், 1862 டிசெம்பர் 23 தேதியிட்ட கடிதம் ஒன்றைக் கட்டாயம் தேடி வாசியுங்கள். சுற்றுப் பயண காலத்தில் லிங்கனுக்குத் தெரிந்த மக்கலக் என்பவர் யுத்தத்தில் இறந்தார், அவருடைய மகள் ஃபனி அறையை விட்டு வெளியே வரவில்லை, சாப்பிடவில்லை. யுத்தம் மிக மோசமாகப் போன மாதம் அது, வில்லி இறந்து பத்து மாதம். லிங்கன் இருந்து அந்தப் பிள்ளைக்கு எழுதினார்: துயரம் எல்லோருக்கும் வரும், இளம் வயதில் எதிர்பாராமல் வருவதால் அது மிகவும் கசக்கும். இனி ஒருபோதும் சுகப்பட மாட்டேன் என்றுதான் இப்போது தோன்றும், ஆனால் அது தவறு, நிச்சயம் மறுபடி மகிழ்ச்சி வரும். இதைச் சொல்ல எனக்குப் போதிய அனுபவம் இருக்கிறது. தன்னைப் பற்றி வாய் திறக்காத மனிதர் இந்த ஒரு வரியை மட்டும் அந்தப் பிள்ளைக்காகத் திறந்து எழுதியிருக்கிறார். 1841 கடிதத்தையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்தால் உங்கள் கேள்விக்கு அவரே பதில் சொல்லியிருப்பது தெரியும்.